மௌனத்தையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர்

தாய்லாந்து வரலாற்றாசிரியர் தோங்சாய் வினிச்சகுலின் இரண்டு நூல்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

1976 அக்டோபர் 6 அன்று பாங்காக்கின் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் திரண்டிருந்த மாணவர்களைக் காவல்துறையும் வலதுசாரிக் கும்பல்களும் கொன்று குவித்தன. பிணங்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அன்று மாலையே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர் தலைவராயிருந்த தோங்சாய் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1978 பொதுமன்னிப்புச் சட்டம் மாணவர்களை விடுவித்தது, கொன்றவர்களையும் காப்பாற்றியது. இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இந்தக் கொலைக்கு முன்பே வெறுப்பு தயாராக இருந்தது. 'இவர்கள் கம்யூனிஸ்டுகள், வியட்நாமியர், தாய் மக்களே அல்ல' என்று ராணுவ வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. கம்யூனிஸ்டுகளைக் கொல்வது பாவமல்ல என்றார் கித்திவுத்தோ என்ற பிக்கு. அம்பேத்கர் வழியில் புத்தரை வாசிக்கும் நமக்கு இது கசப்பான பாடம். அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டால் எந்த மார்க்கமும் கொலைக்கு நியாயம் சொல்லும்.

1994இல் வந்த அவரது முதல் நூல் சியாமின் வரைபடத்தைப் பற்றியது. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் அங்கே இன்றுள்ளதுபோல் எல்லைக்கோடு இல்லை. ஒரே சிற்றரசு இரண்டு பேரரசுகளுக்குத் திறை கட்டியது. நவீன நிலவரைபடம் வந்த பிறகே நாட்டுக்கு ஓர் உடல் வந்தது. ஆனால் பள்ளிப் பாடமோ அந்த உடல் என்றும் இருந்ததாகவும், அதன் உறுப்புகளை அந்நியர் வெட்டி எடுத்ததாகவும் கற்பித்தது. கோடு போட்டாயிற்று என்றால் உள்ளே யார், வெளியே யார் என்ற கேள்வி வந்துவிடும். 1976இல் அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் சொந்த நாட்டு மாணவர்கள்.

2020இல் வந்த நூல் அந்தப் படுகொலையின் மௌனத்தைப் பற்றியது. மறக்கவும் முடியாமல், வெளிப்படையாக நினைவுகூரவும் முடியாமல் ஒரு சமூகம் எப்படி வாழ்கிறது என்று கேட்கிறார். பெரிய அளவிலான பொது நினைவேந்தல் நடக்க 1996வரை, இருபது ஆண்டுகள் ஆயின. பிள்ளைகளை இழந்த பெற்றோரின் மௌனத்தோடு, எதிர்த்தரப்பில் நின்றவர்களின் மௌனத்தையும் அவர் ஆராய்கிறார்.

'பாதிக்கப்பட்டவர் எழுதினால் அது ஆய்வாகாது' என்று ஆராய்ச்சி மாணவர்களிடம் சொல்லப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். தோங்சாயின் நூல்கள் அதற்குப் பதில். தப்பிப் பிழைத்தவர்தான் இரு தரப்பையும் கேட்டார். ஆவணங்களைப் பூட்டி வைத்திருப்பவர்கள் நடுநிலை பேசும்போது, சாவி யாரிடம் இருக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.