பல்லுக்குக் கட்டும் சாரம்

இலக்கியக் கூட்டத்தில் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்: சாரம். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு அது இடுப்பில் கட்டுவது. தமிழ்நாட்டில், கொத்தனார் ஏறி நின்று சுவர் எழுப்புவதற்காகச் சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்துவதும் சாரம்தான். நான் பேசப்போவது இந்த இரண்டாவது சாரம். உடம்பில் திசு அழிந்த இடத்தில் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை வைத்தால், உயிரணுக்கள் அதைப் பற்றி ஏறிப் புதிய திசுவைக் கட்டும். கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். சிக்கல் அங்கேதான்.

பல்லின் எனாமல் போனால் போனதுதான். அதை உண்டாக்கிய அணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆனால் பல்லைத் தாங்கும் எலும்பும், வேரை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்த்திசுவும் மீண்டும் வளரக்கூடியவை. ஈறு நோயில் அழிவது இவைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு அதிகம். நம் குடும்பங்களில் யார் வீட்டில் சர்க்கரை இல்லை? சொத்தையே இல்லாத பல் ஆடி விழுவதை நாம் ‘வயசாச்சு’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

1982இல் சுவீடனின் ஸ்டூரே நைமன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஈறின் மேல்தோல் வேகமாக வளர்ந்து வேரை மூடிவிடும். மெதுவாக வளரும் நார்த்திசுவுக்கு இடம் கிடைக்காது. அதனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பை வைத்தார்கள். ஆய்வகத்தில் திரவம் வடிகட்டும் செல்லுலோஸ் வகைச் சவ்வுதான் அது! மூன்று மாதத்தில் கீழ்வரிசை முன்பல் ஒன்றின் வேரில் புதிய பிணைப்பு உருவாகியிருந்தது.

அடுத்தது இங்கே கனடாவில் நடந்தது. ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பெல்லிங் குழு ஆப்பிளைச் சீவி, சோப்பு போன்ற வேதிப்பொருளில் அலசி, அணுக்களை நீக்கியது. மிஞ்சியது வெள்ளை வெளேரென்ற செல்லுலோஸ் கூடு. 2014இல் அதில் விலங்கணுக்கள் வளர்ந்ததாக வெளியிட்டார்கள். 2016இல், எலியின் தோலுக்கடியில் வைத்த கூட்டுக்குள் ரத்தக்குழாய்களே நுழைந்திருந்ததைக் காட்டினார்கள். பல்லுக்கான அணுக்களுக்கும் பஞ்சமில்லை. பற்கூழில் குருத்தணுக்கள் இருப்பது 2000இலும், பால்பல்லில் இருப்பது 2003இலும் தெரிந்தது. நாம் கூரையில் எறிந்தவை!

இனிச் சாரத்தைப் பிரிக்கும் கதை. செல்லுலோஸைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. கீரை நார் குடலைக் கடந்து அப்படியே வெளியேறுவதும் அதனால்தான். உடல் அதோடு பெரிதாகச் சண்டை போடுவதில்லை, கரைப்பதுமில்லை. பல் பிடுங்கிய குழியில் ரத்தத்தை நிறுத்த வைக்கிறார்களே ஒரு துணி, அது ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ். சில வாரங்களில் கரைந்துவிடும். அதே வழியில் பெரியோடேட் என்ற வேதிப்பொருளால் செல்லுலோஸ் சங்கிலியைப் பலவீனப்படுத்தலாம். அளவு கூடினால் எலும்பு உருவாகுமுன்னே சாரம் சரிந்துவிடும். அப்போது உண்டாகும் ஆல்டிஹைடுகள் அணுக்களுக்கும் ஆகாது. குறைந்தால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். என் பார்வையில், இந்தத் துறையின் உண்மையான வேலை இந்த நேரக்கணக்குதான். அணு வளர்ந்ததைக் காட்டும் அழகான படங்கள் ஏராளம் வருகின்றன. சாரம் எப்போது போனது என்று சொல்பவை குறைவு. மெல்லும் அழுத்தத்தைத் தாங்க எலும்புத் தாதுவைக் கலப்பது வேறொரு தலைவலி. அதை இன்று விட்டுவிடுகிறேன்.

முழுப் பல்லை இப்படி வளர்த்துத் தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஆனால் ஈறு அறுவையில் இன்று வைக்கும் கரையும் சவ்வுகளில் பல, மாடு அல்லது பன்றியின் கொலாஜனால் ஆனவை. சைவர்களுக்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் இது சின்ன விஷயமல்ல. தாவரச் செல்லுலோஸ்மீது எனக்குள்ள ஆர்வத்துக்கு இதுவும் ஒரு காரணம். அதுவரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் அந்தச் சவ்வு எதிலிருந்து எடுத்தது என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்கலாம், தப்பில்லை.

இனி உங்கள் கேள்விகள்.