சிறைக் காவலர்க்கு உரிய ஊதியம்



கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் நெடுங்காலம் பாடம் சொன்ன ஓர் ஆசிரியரின் நினைவாக அமைந்தது இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு. அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் இன்று சிறைக் காவலர். அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகே இன்றைய உரையின் பொருளைத் தேர்ந்தேன்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தார். முற்றத்தில் அவருடைய அம்மா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். திண்ணையில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிப்போனார். நாய் குரைத்ததும் திடுக்கிட்டு எழுந்தார். அவர் கை முதலில் இடுப்பில் சாவியைத் தேடியது. “ராத்திரி பாராவுலயே இருக்கற மாதிரி இருக்குதுங்க ஐயா. தூக்கத்துலயும் தலையை எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்” என்றார்.

அந்தக் கைக்கு என்ன கூலி தகும்?

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வு நடத்துகிறது. 18,200 ரூபாயில் தொடங்கும் ஒரே ஊதிய விகிதம் மூவருக்கும் பொருந்தும். இது போற்றத்தக்க சமநிலை.

ஆயினும் விகிதத்தை மட்டும் பார்த்து நியாயத்தை அளந்துவிட முடியாது. எத்தனை மணி நேரம், எத்தனை பேரைக் காக்க என்றும் கேட்க வேண்டும். ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. நாடு முழுவதும் சிறைப் பணியிடங்களில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று காலி. பத்துப் பேர் வேலையை ஏழு பேர் சுமந்தால், சம்பளப் பட்டியலில் தொகை மாறாமலே ஒவ்வொருவர் கூலியும் குறைந்துபோகிறது. கைதியும் இழக்கிறார்: மருத்துவமனைக்கோ நீதிமன்றத்துக்கோ அழைத்துச் செல்ல ஆள் இல்லையென்றால் அவர் காத்திருக்க வேண்டியதுதான்.

ஊதியத்தை உயர்த்தினால் அரசால் தாங்க முடியுமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஒரு துறைக்கு விகிதத்தை உயர்த்தினால் மற்ற இரண்டும் கேட்கும். ஆகவே முதல் வேலை காலியிடங்களை நிரப்புவது. அடுத்தது, கூடுதல் நேரத்துக்குத் தனிப்படி. மலைப்பகுதியில் பணிபுரிவோருக்கு மலைப்படி தரும் அரசு, பணியிடத்தின் கடினத்தைச் சம்பளத்தில் கணக்கிடலாம் என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. மதிலுக்குள் கழியும் இரவையும் அந்த அளவுகோலால் அளக்கட்டும்.

யார் அளப்பது? காவலர் போராடிக் கேட்க வழியில்லை. 2003ஆம் ஆண்டு தமிழக அரசு ஊழியர் போராட்டத்தை ஒட்டிய வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறை அலுவலர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அங்கே அதற்கு ஈடாக 2001இல் தனி ஊதிய ஆய்வுக் குழு ஏற்பட்டது. ஆட்கள் சேர்கிறார்களா, நிலைக்கிறார்களா, அரசின் கையில் பணம் இருக்கிறதா என்று இரு தரப்பையும் கேட்டு, ஆண்டுதோறும் அறிக்கை தருகிறது. அதன் பரிந்துரையை அரசு மறுப்பதும் உண்டு. மறுத்தால் அது ஊரறிய நடக்கிறது. காரணமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் வழக்கு வந்தால் இரு பக்கமும் கேட்காமல் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. சிறைக் காவலர் வழக்குக்கும் அந்த நியாயம் வேண்டும். போராடும் உரிமையை எடுத்துக்கொண்ட அரசு, இரு தரப்பையும் கேட்கும் நடுவரைத் தரக் கடமைப்பட்டது. தமிழ்நாட்டுச் சிறைப் பணியாளருக்கென நிலையான ஊதிய ஆய்வுக் குழு ஒன்றை அமைக்குமாறு இந்த மலையிலிருந்து அரசை வேண்டுகிறேன்.