வளர்ப்பா, சேர்க்கையா?

(டெல்லியின் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நடைபெற்ற பெற்றோர் – ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



15 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளிக்கு மட்டம் போடுகிறான், கைகலப்பில் இறங்குகிறான், போதைப் பாக்கு மெல்லத் தொடங்குகிறான். பள்ளி, "வளர்ப்பு சரியில்லை" என்கிறது. வீடு, "சேர்க்கை சரியில்லை" என்கிறது. இரு தரப்பும் ஒன்றன்மீது மற்றொன்று பழி சுமத்திக்கொண்டிருக்கையில், சிறுவன் இரு தரப்பின் கையிலிருந்தும் நழுவிவிடுகிறான்.

வளர்ப்பும் சேர்க்கையும் தனித்தனிக் காரணங்கள் அல்ல. ஒன்று மற்றொன்றுக்கு வழி திறக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சனும் தாமஸ் டிஷியனும் பல்லாண்டு ஆய்வுகளின் வழியே இதனை விளக்கினர். வீட்டில் அதட்டலும் எதிர்ப்பும் நாள்தோறும் மோதுகின்றன. சிறுவன் கத்துகிறான்; களைத்துப்போன பெற்றோர் விட்டுக்கொடுக்கின்றனர். கத்தினால் காரியம் ஆகும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். அப்பழக்கத்தோடு பள்ளிக்குச் செல்பவனை மற்றவர்கள் ஒதுக்குகின்றனர். ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்கின்றனர். அவ்வட்டத்தில் விதிமீறல் பற்றிய பேச்சுக்குச் சிரிப்பு கிடைக்கிறது. அச்சிரிப்பே அடுத்த மீறலுக்கு ஊக்கமாகிறது.

அப்படியானால் பிள்ளைகளை உளவு பார்ப்பதுதான் வழியா? ஸ்வீடனில் 14 வயதினரிடையே ஸ்டாட்டினும் கெர்ரும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறான் என்பதைப் பெற்றோர் அறிவது பெரும்பாலும் அவனே மனமுவந்து சொல்வதனால்தான். உண்மையைச் சொன்னால் அடி விழும் வீட்டில் எந்தப் பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

ஆனால், அவன் சொல்வதைக் கேட்க வீட்டில் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? இங்குதான் பிரச்சனை குடும்பத்தின் நான்கு சுவர்களைத் தாண்டுகிறது. 2023இல் கர்நாடக அரசு ஆலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் அத்தகைய திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் அது திரும்பப் பெறப்பட்டது. 12 மணி நேரம் உழைத்து, அதன்மேல் பேருந்துப் பயணத்தையும் முடித்துத் திரும்பும் தாயிடம் "பிள்ளையோடு பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவது எளிது. பேசும் நேரத்தைப் பறித்தவர் யார் என்று கேட்பதே நேர்மை. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் பிள்ளை வளர்ப்புக்கான போராட்டமும் ஆகும்.

அரசின் அணுகுமுறையையும் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கே உரிமை வழங்குகிறது. சேர்க்கையின் செல்வாக்கு மிகும் வயதில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. மறுபுறம், சிறார் வயதைக் குறைக்கக் கூடாது என்று நீதிபதி வர்மா குழு 2013இல் பரிந்துரைத்த பின்னரும், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் கொடுங்குற்ற வழக்குகளில் 16 வயது நிரம்பியோரை வயது வந்தோராகக் கருதி விசாரிக்க இடமளித்தது. கல்வி உரிமைக்கு வெளியே நிறுத்தப்படும் வயதினர், தண்டனை என்று வரும்போது மட்டும் பெரியவர்களாகிவிடுகின்றனர்!

தடம் மாறிய சிறுவர்களை மட்டும் ஓரிடத்தில் குவித்துத் திருத்த முயல்வதும் ஆபத்தானது. அமெரிக்காவில் 1939இல் தொடங்கப்பட்ட கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டம் நல்லெண்ணத்தோடு சிறுவர்களுக்கு ஆலோசனையும் உதவியும் வழங்கியது. பல்லாண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு ஆராய்ந்தபோது, உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. கோடை முகாம்களுக்கு மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டவர்களிடம் இப்பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது.

எனவே, பெற்றோரே, "அவனோடு சேராதே" என்று தடை போடுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த நண்பனை வீட்டுக்கு அழைத்து ஒருவேளைச் சோறு போடுங்கள். ஆசிரியர்களே, மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து வெளியேற்றும்போது, அவனை அவ்வட்டத்திடமே ஒப்படைக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள். தோழர்களே, ஒவ்வொரு குடியிருப்பிலும் மாலையில் ஒரு படிப்பகம், ஒரு விளையாட்டுத் திடல், பொறுப்பேற்கும் மூத்தோர் இருவர்: பலதரப்பட்ட பிள்ளைகளும் கலந்து பழகும் இத்தகைய இடத்தை உருவாக்குவது நம் அமைப்புகளால் இயலும். பிள்ளைகளுக்கு நட்பு தேவை. நல்ல நட்பு மலரும் இடத்தை அமைத்துக் கொடுப்பது நம் அனைவரின் கடமை.