தீர்த்தமும் நகரத்து மழைநீரும்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் ஒருங்கே போற்றுவது தமிழ்நாட்டு மரபு. குடமுழுக்குக் காலத்தில் முதலிரண்டுக்கும் குறைவின்றித் திருப்பணி நிகழ்கின்றது. தீர்த்தத்துக்கோ, பல ஊர்களில், படித்துறைக்குச் சுண்ணம் பூசுவதோடு பணி முடிந்துவிடுகின்றது. திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பர். இறைவனுக்கு அளந்த அளவே நீருக்கும் அளந்த ஊர் அது. இன்றைய நகரங்கள் நீருக்கு அளந்து விட்ட இடம் எவ்வளவு?

சென்னை மாநகரை எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று முன்னாளில் இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்தே தியாகராய நகரை அமைத்தனர். ஏரி மறைந்தது, பள்ளம் மறையவில்லை. 2021 நவம்பர் மழையில் அந்நகரத் தெருக்களில் நீர் தேங்கி நின்றபோது, அது தன் பழைய வீட்டைத் தேடி வந்ததென்றே கொள்ளவேண்டும். வருண பகவானை நோவது எளிது!

அந்நகருக்கு ஓராண்டில் சராசரியாக 140 செ.மீ. மழை உண்டு. 2015-ஆம் ஆண்டு நவம்பர் ஒரு மாதத்திலேயே 100 செ.மீ.க்கு மேல் பெய்தது. டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. பதிவாயிற்று. அத்தனை நீர் கண்ட நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, குடிநீருக்கு இரயிலை எதிர்பார்த்து நின்றது. வெள்ளமும் வறட்சியும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினும், நீரை நிறுத்தி வைக்க இடமின்மையே இரண்டையும் கடுமையாக்குகின்றது.

வடிகாலின் அகல ஆழத்தை முடிவு செய்யும் பொறியாளர் மூன்றைக் கணக்கிடுவர்: எத்துணைப் பரப்பில் மழை விழுகின்றது, எத்துணைக் கடுமையாக விழுகின்றது, அதில் எத்தனை பங்கு மண்ணுள் இறங்காமல் ஓடி வருகின்றது. பரப்பு மாறாதது. மற்ற இரண்டும் மாறிவிட்டன. மண் முற்றம் சிமெண்டுத் தளமாயிற்று. ஆகவே விழுந்த நீர் பெரும்பாலும், அதுவும் விரைந்து, தெருவுக்கு வந்துவிடுகின்றது. மழையின் கடுமையோ வேறொரு காரணத்தால் கூடுகின்றது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியசு உயர்ந்தால், அது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்க வல்லது. உலகின் சராசரி வெப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியை நோக்க ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. பழைய மழைக்குறிப்பைப் புரட்டி, வருங்காலமும் அவ்வாறே இருக்கும் என்று கால்வாய் வெட்டினால் கணக்குப் பொய்த்துப் போகும்.

அப்படியாயின் வடிகாலை இருமடங்கு அகலமாக்கினால் தீராதோ? தீராது. சென்னை தட்டையான கடற்கரை நகரம். புயலில் கடல்நீர் உயர்ந்து நிற்கும்போது கூவமும் அடையாறும் நீரை எளிதில் கொட்ட இயலா. அவ்வேளையில் அகன்ற வடிகாலும் நீர் நிறைந்த தொட்டியே. நீர் விழுந்த இடத்துக்கு அருகிலேயே சிறிது நேரம் தங்கவேண்டும். இயன்றவரை மண்ணில் இறங்கவேண்டும். மிகுந்ததே வடிகாலுக்குச் செல்லவேண்டும்.

இங்கேதான் திருக்குளம் முன்வந்து நிற்கின்றது. ஒரு ஏக்கர் குளத்தைச் சுற்றிப் பத்து ஏக்கர் வீதியும் மாடியும் உள்ளன என்க. 10 செ.மீ. மழை பெய்து, அவ்வளவும் குளத்துக்கே வந்தால், நீர்மட்டம் ஒரு மீட்டர் உயரும். ஏறக்குறைய நாற்பது இலட்சம் லிட்டர்! அத்தனையும் தெருவில் நில்லாது. மயிலை, திருவல்லிக்கேணி போன்ற மணற்பாங்கான கடலோரத்தில் அதன் ஒரு பகுதி கிணறுகளுக்கும் ஊறும்.

ஆனால் வரத்துக்கால் அடைபட்ட குளம் வானத்திலிருந்து நேரே விழும் துளியையன்றி வேறொன்றும் பெறாது. ஆகவே உபயதாரர்கள் முதலில் காண வேண்டியது படிக்கட்டை அன்று, வரத்துக்காலையே. மழைநீர் வடிகாலில் கழிவுநீரைக் களவாக விடும் வழக்கம் பல நகரங்களில் உண்டு. அதைத் தேடி அடைக்காமல் திருக்குளத்தோடு வடிகாலை இணைத்தல் பெரும் அபசாரமாகும். முதல் மழை தெருவைக் கழுவி வருவதாதலின், அதைப் புறத்தே விடுவதற்கு ஒரு மதகும், பின்வரும் நீரின் மண் படிவதற்கு ஒரு வண்டல் தொட்டியும் வேண்டும். குளத்தின் அடியில் சிமெண்டுத் தளம் இடுதல் கூடவே கூடாது. அழகு கருதிச் செய்யும் அச்செயல் ஊற்றுக்கண்ணை மூடிவிடும். வெளியேறும் கலங்கல், வரும் நீருக்கு ஈடு கொடுக்கும் அளவினதாக இருத்தல் வேண்டும். இன்றேல் கோயிலுக்குள்ளேயே நீர் புகும்.

இவை ஒருமுறை செய்து விடத்தக்கன அல்ல. உத்திரமேரூர்ச் சபையார் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரிக்கென்று தனி வாரியம் வைத்திருந்தனர். நந்தாவிளக்குக்கு முதல் வைத்து அதன் வட்டியில் நெய் வார்ப்பது போல, வரத்துக்கால் தூர்வாரவும் ஒருவர் முதல் வைக்கலாம். பெயர் பொறிக்க அங்கே பளிங்குக்கல் பதிக்க இடமிராது என்பது உண்மையே.

புரட்டாசி முடிவதற்குள் அப்பணி நிறைவேறி, ஐப்பசி பிறக்கையில் குளத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கவேண்டும். நிறைகுளம் காண விரும்பும் அன்பர்க்கு இது குறையாகத் தோன்றலாம். மயிலையில் தெப்பம் தைப்பூசத்தை ஒட்டி வருவது. அதற்குள் மழை தன் கடமையை முடித்திருக்கும்.