ஒரே பாதை, மூணு வேகம்

இந்த வாரம் ஒரு பத்து செகண்ட் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆன்சைட்டுக்காக அமெரிக்காவுல கொலராடோவுக்குப் போயிருந்தேன். அம்மாவும் ரெண்டு மாசம் வந்து தங்கியிருந்தாங்க. ஒரு நாள் ரெண்டு பேரும் ஒரு மலைப்பாதையில நடந்துட்டு இருந்தோம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் நடக்க முடியும், அவ்ளோ குறுகலான பாதை. ஒரு வளைவுல திடீர்னு மேல இருந்து ஒரு சைக்கிள் இறங்கி வந்துச்சு. நான் வலது பக்கம் ஒதுங்கினேன், அம்மா இடது பக்கம். சைக்கிள் நடுவுல சறுக்கி நின்னுச்சு. யாருக்கும் அடி இல்லை. அவர் 'ஸாரி' சொல்லிட்டு, சிரிச்சுட்டுப் போயிட்டார்.

அம்மாவுக்கு மட்டும் கை நடுங்கிட்டே இருந்தது. அதுக்கப்புறம் எந்த டிரெயிலுக்குக் கூப்பிட்டாலும், "நீ போயிட்டு வாப்பா, நான் வீட்டுலயே இருக்கேன்"னு சொல்லிட்டாங்க.

இதுல எனக்கு உறைச்சது ஒண்ணுதான். அந்த சைக்கிள்காரரைக் கேட்டா, அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைன்னுதான் சொல்லுவார். நாங்களும் புகார் கொடுக்கலை. நம்ம பாஷையில சொன்னா, லாக்ல ஒரு எரர்கூட இல்லை. ஆனா யூசர் போயிட்டாங்க.

ஜேக்கப், ஷ்ரேயர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1980-ல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. இன்னொருத்தர் நடந்துக்கிற விதத்தால நான் வந்த நோக்கம் கெட்டுப் போகுது, அதுதான் மோதல்னு சொல்றாங்க. அதாவது சண்டையே நடக்கணும்னு அவசியம் இல்லை. ஒருத்தர் அமைதிக்காக வர்றார், இன்னொருத்தர் வேகத்துக்காக வர்றார். நடக்கிறவரால சைக்கிள்காரருக்குப் பெருசா தொந்தரவு இல்லை. சைக்கிளால நடக்கிறவருக்குத்தான் தொந்தரவு. அதனால பாதிக்காத ஆளுக்குப் பிரச்சினை இருக்கிறதே தெரியாது.

சரி, இதை எப்படிச் சமாளிக்கிறாங்க?

முதல் வழி, யார் யாருக்கு வழிவிடணும்ங்கிற விதி. அமெரிக்காவுல நிறைய பாதைகளோட வாசல்ல ஒரு முக்கோணப் பலகை இருக்கும். சைக்கிள் எல்லாருக்கும் வழிவிடணும். நடக்கிறவங்க குதிரைக்கு வழிவிடணும். குதிரைக்கு ஏன் முதலிடம்? பயந்தா ஓடுறது அதோட இயல்பு. பின்னாடி இருந்து சத்தமில்லாம எது வந்தாலும், தன்னை அடிக்க வர்ற மிருகம்னு நினைச்சு மிரளும். அதனால பள்ளமான பக்கமா ஒதுங்கி, சாதாரணமா ரெண்டு வார்த்தை பேசணும். குரல் கேட்டா, 'ஓ, மனுஷன்தான்'னு அதுக்குப் புரியும். யோசிச்சா, அம்மாவுக்கும் அன்னைக்கு அதுதான் தேவைப்பட்டது. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு ஒரு குரல்.

ஆனா விதி இருந்தா மட்டும் போதாது. கண்ணுக்கே தெரியாத ஆளுக்கு எப்படி வழிவிடுறது? அதனால ரெண்டாவது வழி, நேரத்தைப் பிரிக்கிறது. பௌல்டர் நகரத்துக்கு மேற்கே பெட்டாசோ பிரிசர்வ்னு ஒரு இயற்கைக் காப்பிடம் இருக்கு. அங்க புதன், சனி ரெண்டு நாளும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. யூட்டாவுல சால்ட் லேக் சிட்டி பக்கத்துல இருக்கிற மில்கிரீக் கேன்யனோட மேல்பகுதிப் பாதைகள்ல சைக்கிளுக்கு இரட்டைப்படை தேதி. நாயைக் கயிறு இல்லாம விடணும்னா ஒற்றைப்படை தேதி. ஒரே ரிசோர்ஸ், ரெண்டு பிராசஸ், டைம் ஸ்லைஸ் பண்ணிட்டாங்க! எட்ஜ் கேஸும் இருக்கு: 31-க்கு அடுத்து 1. ரெண்டுமே ஒற்றைப்படை. அப்போ சைக்கிள்காரங்களுக்குத் தொடர்ந்து ரெண்டு நாள் போச்சு.

இதுக்கு விலை உண்டு. வாரம் முழுக்க வேலை பார்க்கிற ஒரு சைக்கிள்காரருக்கு சனிக்கிழமை போச்சுன்னா, லீவு நாள்ல பாதி போச்சு. அவர் கோபப்படுறதுல நியாயம் இருக்கு. அதனால எல்லாப் பாதைக்கும் இதையே போடுங்கன்னு நான் சொல்ல வரலை. வளைவுல புதரை வெட்டித் தூரம் வரைக்கும் தெரியிற மாதிரி பண்றது, சைக்கிள் எல்லாம் ஒரே திசையில போகணும்னு வைக்கிறது, இதையெல்லாம் முதல்ல செஞ்சு பார்க்கலாம். அதுக்கும் சரியாகலைன்னா நாளைப் பிரிக்கலாம்.

ஆனா எதைச் செஞ்சாலும், 'எத்தனை புகார் வந்துச்சு'ன்னு மட்டும் கணக்குப் பார்த்தா பத்தாது. 'முன்னாடி வந்துட்டு இருந்த யார் இப்போ வர்றதில்லை'ன்னும் கேட்கணும். ஏன்னா பயந்தவங்க சத்தம் போட மாட்டாங்க. வீட்டுலயே இருந்துடுவாங்க.

பெட்டாசோ பத்தி எனக்குத் தெரிஞ்சது அம்மா ஊருக்குத் திரும்பினதுக்கு அப்புறம்தான். அடுத்த தடவை வந்தாங்கன்னா, ஒரு புதன்கிழமை லீவு போட்டு, அங்க கூட்டிட்டுப் போய் மெதுவா நடக்கணும்.

நீங்க ட்ரெக் போற பாதையில இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க. முக்கியமா, நீங்க சைக்கிள்ல இருந்த ஆளா இருந்தா கண்டிப்பா எழுதுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.