ஞாயிற்றின் இரு பாதிகள்



நாம் நாடோறும் காணும் ஞாயிறு ஒன்றே. ஆயினும் அதன் வடபாதியும் தென்பாதியும் ஒருங்கே சீறுவதில்லை. காந்தப்புலம் முறுக்குண்டு நிற்கும் கரும்புள்ளிக் கூட்டங்களின் மேலேயே பெருஞ் சுவாலைகள் எழுகின்றன. இப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகித் தணியும். 2008 டிசெம்பரில் தொடங்கிய சுற்றிலே வடபாதி 2011 இல் உச்சமடைந்தது. தென்பாதியோ 2014 இலேதான் உச்சங் கண்டது. இரு பாதிகளின் காந்தப்புலமும் உள்ளே பெரும்பாலும் தனித்தனியே வளர்வதே இதற்குக் காரணமென்பர் ஆராய்ச்சியாளர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 1989 மார்ச்சிலே வடபாதிப் புள்ளிக் கூட்டமொன்றிலிருந்து வந்த காந்தப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒன்பது மணிநேரம் இருளில் ஆழ்த்தியது. 2003 நவம்பர் 4 இல் தென்பாதியில் எழுந்த சுவாலை, அளக்கும் கருவியின் எல்லையையே கடந்தது. 2024 மே மாதப் பெரும் புயலும் தென்பாதியினின்றே வந்தது.

இரு பாதிகளையும் ஒரே தொகையாகக் கூட்டிப் பார்ப்போமாயின், ஒன்று தணியும்போது மற்றது பொங்குவது நம் கண்ணுக்கு மறைந்துவிடும். செய்மதிகளையும் மின்கம்பிகளையும் நம்பி வாழும் நாம், ஒரு பாதி அடங்கியது கண்டு அயர்ந்திருத்தல் ஆகாது. இரண்டையும் தனித்தனியே கணித்து விழித்திருத்தலே அறிவுடைமை.