கறுங்காய்ச்சலும் கர்ம பலனும்

(சொற்பொழிவு)



இன்று நான் பேச வந்தது ஓர் ஈயைப் பற்றியாகும். கடவுளையும் ஜாதியையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் ஈயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த ஈயின் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் கடவுள் சித்தம், ஜாதி, தலைவிதி ஆகிய மூன்றின் யோக்கியதையும் தானாகவே வெளியாகிவிடும்.

வங்காளம், அசாம், பீகார் ஆகிய நாடுகளில் “காலா அசார்” என்று ஒரு வியாதி உண்டு. கறுப்பு வியாதி என்று பொருள். நாம் கறுங்காய்ச்சல் என்று சொல்லலாம். வாரக்கணக்காகக் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பானைபோல் ஆகும். கைகால் குச்சியாகும்; இரத்தம் குன்றும்; மேனி கறுக்கும். வைத்தியம் செய்யாவிட்டால் அநேகமாகச் சாவுதான். நம் சாஸ்திரக்காரர்களுக்கோ எந்த வியாதிக்கும் ஒரே காரணம்தான். அது பூர்வ ஜென்ம பாபம்! ஒரே காரணத்தை எல்லா வியாதிக்கும் சொல்லுகிறவனுக்கு எந்த வியாதியைப் பற்றியும் ஒன்றும் தெரியாது என்பதுதானே அர்த்தம்?

உண்மைக் காரணத்தைக் கண்டவர்கள் மனிதர்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்திலுள்ள டம்டம்மில் இருந்து சீமைக்குப் போய் மாண்ட ஒரு சிப்பாயின் மண்ணீரலில் லீஷ்மன் என்பவர் சில நுண்ணிய கிருமிகளைக் கண்டார். 1903-ல் அதை வெளியிட்டார். அதே வருஷத்தில் நமது சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டானவன் என்னும் டாக்டரும் அதே கிருமியைக் கண்டார். ஆதலால் இருவர் பெயராலும் அக்கிருமி “லீஷ்மானியா டானவனி” எனப்படுகிறது.

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவன் உடம்பிலிருந்து மற்றொருவன் உடம்புக்கு அது எப்படிப் போகிறது? சென்னையிலிருந்த பாட்டன் என்னும் டாக்டர் மூட்டைப்பூச்சிதான் சுமந்து செல்லுகிறது என்றார். சோதித்துப் பார்த்தார்கள், ருஜுவாகவில்லை, கைவிட்டார்கள். “பெரியவர் சொல்லிவிட்டார், எதிர்த்துக் கேட்பது பாபம்” என்று யாரும் சொல்லவில்லை. பிறகு மணல் ஈயின் மேல் சந்தேகம் விழுந்தது. நோயாளியைக் கடித்த ஈக்களைக் கொண்டு நல்ல உடம்புள்ளவர்களைக் கடிக்கச் செய்தும், பல வருஷ காலம் வியாதி வரவேயில்லை.

முடிச்சை அவிழ்த்தது எது தெரியுமா? உலர்ந்த திராட்சைப் பழம்! மணல் ஈ இரத்தம் மட்டும் குடிப்பதல்ல. ஆண் ஈ இரத்தமே குடியாது. செடிகொடிகளின் இனிப்புச் சாறுதான் அதற்கு ஆகாரம். பெண் ஈக்கும் சாறு வேண்டும். முட்டை வளர்ப்பதற்காக மட்டுமே அது இரத்தம் குடிக்கிறது. ஆகவே நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஈக்களுக்குத் திராட்சையைக் கொடுத்து வைத்தார்கள். ஈக்கள் பிழைத்திருந்தன, கிருமிகள் பெருகி அவற்றின் தொண்டையையே அடைத்தன. அடைபட்ட ஈயால் சரியாக உறிஞ்ச முடியாது. திரும்பத் திரும்பக் குத்தும். குத்தும்போது கிருமிகளைப் புண்ணுக்குள் கக்கும். இந்தப்படியாக, தாமாக முன்வந்த மனிதர்களை இத்தகைய ஈக்கள் கடித்து வியாதி வந்ததை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் 1942-ல் வெளியிட்டார்கள். பிரத்தியட்ச ருஜு என்பது இதுதான்.

நிற்க. கொசுவில் மூன்றிலொரு பங்குதான் இருக்கும் இந்த ஈ. சத்தமில்லாமல் இராத்திரியில் வரும். கொசுவைப் போல் தண்ணீரில் முட்டையிடாது; மாட்டுக் கொட்டிலின் ஈர மண்ணிலும், சாணமும் குப்பையும் கலந்த இடத்திலும் இடும். பகலில் மண் சுவரின் வெடிப்பில் ஒளிந்திருக்கும். மாட்டையும் கடிக்கும், பக்கத்தில் படுத்திருக்கும் மனிதனையும் கடிக்கும். ஆனால் நம் நாட்டில் இந்தக் கிருமி குடியிருப்பது மனிதனிடத்தில்தான்.

இப்போது தலைவிதிக்காரரை ஒன்று கேட்கிறேன். 1950-க்குப் பின் மலேரியாவை ஒழிப்பதற்காகச் சர்க்கார் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடித்தது. கறுங்காய்ச்சலை யாரும் நினைக்கவுமில்லை. அதற்காகப் பூஜை செய்யவுமில்லை. ஆயினும் அது அநேகமாய் மறைந்தது. மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், 1970-களில் பீகாரில் பழையபடி தலைவிரித்தாடியது. மருந்தடித்த வருஷங்களில் பிரம்மா எழுத்தை மாற்றி எழுதினாரா? அடிப்பது நின்றதும் பழைய ஏட்டைப் புரட்டினாரா?

“ஈ ஜாதி பார்க்கிறதா?” என்று கேட்பீர்கள். ஈ பார்ப்பதில்லை. ஆனால் பீகாரில் இந்நோயால் மிகவும் அவதிப்பட்டவர்களில் முசகர் என்னும் தீண்டப்படாத ஜாதியார் முக்கியமானவர்கள். நிலமில்லாத கூலிகள், ஈர மண் குடிசை, வெறுந்தரையில் படுக்கை, ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். யார் எங்கே வசிக்கலாம் என்று விதித்தது மனுவே தவிர ஈ அல்ல. ஜாதி வைத்த இடத்தில் ஈ கடிக்கிறது. ஆதலால் ஈயை மட்டும் கொன்றால் போதாது. அந்தக் குடிசைக்கு அவர்களைத் தள்ளிய ஏற்பாட்டையும் கொன்றாக வேண்டும்.

மருந்தும் இருக்கிறது. 1920-களில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்ட யூரியா ஸ்டிபமைன் அநேகரைப் பிழைக்க வைத்தது. இன்று இரத்தக் குழாய் வழியே ஒரே வேளை ஏற்றும் மருந்து வந்திருக்கிறது. 2023-ல் வங்காளதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இராதபடி ஒழித்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் தீர்ந்தவர்களில் சிலருக்குப் பின்னால் தோலில் வெளிறிய தேமல்களும் தடிப்புகளும் வரும். அவர்களுக்கு வேறு தொந்தரவு இராது. ஆனால் அந்தத் தோலில் கிருமி உண்டு. அவர்களைக் கடிக்கும் ஈ மறுபடியும் நோயைப் பரப்பும். இதைத் தெய்வ சாபமென்று மறைத்தால் ஊரே பலியாகும். வெட்கமின்றி வைத்தியரிடம் காட்டினால் ஊர் பிழைக்கும்.

தோழர்களே! காய்ச்சல் பதினைந்து நாள் நீடித்தால் மந்திரிக்கப் போகாதீர்கள். இரத்தத்தைச் சோதிக்கப் போங்கள். சுவர் வெடிப்பைப் பூசுங்கள். கொட்டிலை வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். சாதாரணக் கொசுவலைக்குள் மணல் ஈ நுழைந்துவிடும். கண் நெருக்கமான வலையில் படுங்கள். சேரிக்கு நல்ல வீடு கேட்டுச் சர்க்காரின் கதவைத் தட்டுங்கள். பகுத்தறிவு என்பது மேடையில் கைதட்டுவதற்கல்ல; குழந்தையைச் சாகாமல் காப்பதற்கே என்று சொல்லி இத்துடன் என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.